பால் கம்பெனியிலிருந்து வரும் அந்த ஆள்

டிசம்பர் 20, வெள்ளி

மார்கழி பிறந்து ஐந்து நாள் ஆகிறது. மாடி ஆபீசில் நானும் மின்விசிறியும்தான். இந்த முப்பது நாளும் வரன் பேசக் கூடாது என்று திண்டுக்கல்லே கதவைச் சாத்திக்கொள்கிறது. கல்யாணத் தரகருக்கு மார்கழி என்பது பட்டாசுக் கடைக்குத் தீபாவளிக்கு மறுநாள் மாதிரி.

சும்மா உட்கார்ந்திருப்பது தெரிந்து பெனிட்டா வேலை வைத்துவிட்டாள். எங்கள் 'லோகா திருமணத் தகவல் மைய'த்துக்கு வெப்சைட் செய்து கொடுத்த பெண். மதுரையில் கம்பெனி நடத்துகிறாள். "அக்கா, சைட்டுல என்ன மாத்துனாலும் தேதி போட்டு எழுதி வைங்க. கூட்டம் எப்ப ஏறுச்சு, எதனால ஏறுச்சுன்னு ரிப்போர்ட்டோட ஒட்டிப் பாக்கலாம்" என்றாள்.

"அஞ்சாவதோட நின்னவத்தா நான்."

"கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் நீங்கதான பிழை திருத்துறீங்க. எழுதுங்க."

விடமாட்டாள். உரக்கடையில் கொடுத்த போன வருடத்து டைரியில் தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன். அட்டையில் ஒரு தக்காளி சிரித்துக்கொண்டிருக்கிறது. யூரியா சாப்பிட்ட சிரிப்பு.

இன்றைய மாற்றம்: ஒன்றுமில்லை. மதியம் புளிசாதம்.

டிசம்பர் 23, திங்கள்

முதல் ரிப்போர்ட் வந்தது. கீழே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு, பெனிட்டா போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் பார்த்தேன்.

நான் எதிர்பார்த்தது சைபர். வந்திருப்பது போன மாதத்தைவிட இரண்டு மடங்கு. மார்கழியில் வரன் பார்க்கவே மாட்டோம் என்கிற ஊர் மொத்தமும் கமுக்கமாக வரன் பார்த்துக்கொண்டிருக்கிறது. நேரம்கூடப் போட்டிருக்கிறது: விடிகாலை ஐந்தரையிலிருந்து ஆறரை. கோயிலில் வெண்பொங்கலுக்கு வரிசையில் நிற்கிற நேரம். ஒரு கையில் தொன்னை, ஒரு கையில் போன்.

சொந்த எண்ணைப் போட்டு உள்ளே வந்து பார்ப்பவர்கள் யார் என்று ரிப்போர்ட்டில் தெரியும். வெளியே நின்று எட்டிப் பார்ப்பவர்கள் யார் என்று தெரியாது. எந்த வழியாக வந்தார்கள் என்பது மட்டும் தெரியும். யார் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதும் உண்டு. இது தெரியாமல் இருபத்திரண்டு வருடம் தொழில் செய்திருக்கிறேனே என்று இருந்தது. 'வரதட்சணை வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் போட்ட 88-ஆம் எண், பெண்ணின் போட்டோவில் நின்றது ஆறு விநாடி, குடும்பச் சொத்துப் பக்கத்தில் நின்றது நாலு நிமிடம். 'ஜாதி தடையில்லை' என்று போட்ட 60-ஆம் எண், தேடும் பெட்டியில் தன் ஜாதியை மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தேடியிருக்கிறார். மூன்றாவதுதான் சரி.

அமெரிக்காவில் ஆஷ்பர்ன் என்று ஓர் ஊரிலிருந்து மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். காலையிலேயே டீக்கடை வரை சொல்லிவிட்டேன், அமெரிக்காவில் முந்நூறு மாப்பிள்ளை ரெடி என்று.

"அக்கா, அது ஆளில்ல, மெஷின். ஒலகத்துல உள்ள எல்லா சைட்டையும் சும்மா தொறந்து பாத்துட்டுப் போயிரும்" என்றாள் பெனிட்டா.

"அதுக்குப் பொண்ணு வேணாமா?"

"வேணாம்க்கா. பாக்குறது மட்டுந்தான் அதுக்கு வேலை."

"அப்ப அது நம்மூரு மாப்பிள்ளை வீட்டுக்காரய்ங்கதான். நல்லாப் பாரு."

கடைசியில் ஏழாம் எண். அது என் மகன் ஜெகதீசன். முப்பத்தாறு முடிந்துவிட்டது. பசுந்துளி பால் கம்பெனியில் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கிற வேலை. பத்தொன்பது பெண் காட்டிவிட்டேன். எல்லாவற்றுக்கும் "பாக்கலாம்மா" என்பான், பார்க்க மாட்டான். தரகர் வீட்டிலேயே ஒரு வரன் தேங்கிக் கிடக்கிறது என்று என் காது படவே பேசுகிறார்கள். அவன் பக்கத்துக்கு வந்தது யார் யார் என்று பார்த்தால் முதல் வரியில் நான்தான்.

"அந்தப் பக்கத்த ரிப்போர்ட்ல இருந்து எடுத்துருத்தா. வாராவாரம் பாத்து வயிறெரிய முடியாது."

"எடுத்துட்டா அங்க என்ன நடக்குதுன்னே தெரியாதுக்கா."

"அங்க என்ன நடக்கப் போகுது."

எடுத்துவிட்டாள்.

இன்றைய மாற்றம்: ரிப்போர்ட்டில் ஏழாம் எண் இனி வராது.

டிசம்பர் 26, வியாழன்

ஜெகன் மறுபடி கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தான். இந்த வருடத்தில் மூன்றாவது. முதல் தடவை அதன் மேல் உட்கார்ந்துவிட்டான். இரண்டாம் தடவை பைக்கிலிருந்து விழுந்தது. இப்போது காரணம் சொல்லக்கூட யோசிக்கிறான்.

"எதுத்தாப்ல கண்ணாடிக்கடை இருக்குல்ல, அங்க மாத்திக்க வேண்டியதுதான" என்றேன்.

"பஸ் ஸ்டாண்டு கடையில நல்லா டெஸ்ட் பண்றாங்கம்மா" என்றான்.

கண்ணுக்கு டெஸ்ட் பண்ணிவிடுவார்கள், இவன் தலைக்கு யார் பண்ணுவது. மாற்றம் இல்லை. கோதுமை மாவு தீர்ந்துவிட்டது.

டிசம்பர் 28, சனி

மார்கழியிலும் ஒருவர் வந்தார், பின்வாசல் வழியாக. அரிசி ஆலை தர்மலிங்கம். 131-ஆம் எண். வயது ஐம்பத்தொன்று, மனைவி இறந்து ஒன்றரை வருடம், படுக்கையில் தாயார். தை பிறந்ததும் பூ வைத்துவிடலாம் என்றார்.

பெண் 114-ஆம் எண், உமாராணி. முப்பத்து நாலு. பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. ஐந்தே மாதத்தில் முடிந்துபோன கல்யாணம் ஒன்று உண்டு. தப்பு அவன் மேல், கோர்ட்டே சொல்லிவிட்டது. கோர்ட் சொன்னால் ஊர் கேட்குமா. 'மணமுறிவு' என்ற ஒரு வார்த்தைக்காக மூன்று வருடமாக ஒருவரும் பேச வரவில்லை. அவள் அம்மா ராமுத்தாயி அழுது அழுது, கடைசியில் ஐம்பத்தொன்றுக்கே சம்மதம் சொல்லிவிட்டாள். உமாராணியும் "உங்க இஷ்டம்" என்று சொன்னதாக ராமுத்தாயி சொன்னாள். சொன்னாளா, சொல்லவைத்தார்களா என்று கேட்பது என் தொழில் இல்லை.

பாவம், ராமுத்தாயி ஒரு வெகுளி. மூன்று வருடம் முன்னால் இதே பெஞ்சில் உட்கார்ந்து, "உங்க தம்பிக்கே பாக்கலாம்லக்கா" என்றாள். தம்பி என்றது ஜெகனை. நான் சிரித்த சிரிப்பில் அவள் டீயைக்கூடக் குடிக்கவில்லை. "எம் பையனுக்கு இதான் மொதக் கல்யாணம் தாயி" என்று தமாஷாகத்தான் சொன்னேன். அவன் பக்கத்தில் 'மறுமணம்: வேண்டாம்' என்று டிக் அடித்ததும் அன்றைக்குத்தான்.

பூ வைக்க நாள்: ஜனவரி 31, வெள்ளி.

டிசம்பர் 30, திங்கள்

இரண்டாவது ரிப்போர்ட். பெனிட்டாவே கூப்பிட்டாள்.

"அக்கா, 114 பக்கத்துல ஒரு விஷயம் இருக்கு. இந்த மாசம் நூத்தி அறுபத்தி மூணு தடவை தொறந்திருக்காங்க. அதுல நூத்தி நாப்பது ஒரே வழியா வந்திருக்கு."

"ஆஷ்பர்ன் மெஷினா?"

"இல்லக்கா. பசுந்துளி பால் கம்பெனி மெயிலுக்குள்ள இருந்து. யாரோ அந்தப் பொண்ணு பக்கத்தோட லிங்க்கத் தனக்குத்தானே மெயில் அனுப்பி வெச்சுக்கிட்டு, தினமும் அதச் சொடுக்கி வர்றாங்க. உள்ள நுழையுறதில்ல. வெளிய நின்னு பாக்குறதோட சரி. காலையில பத்து மணி, மதியம் ஒரு மணி, சாயங்காலம் அஞ்சு மணி. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒண்ணு ரெண்டு தடவை."

"மருந்து சாப்பிடுற மாதிரியா?"

"ஆமாக்கா. மூணு வேளையும்."

மாப்பிள்ளை 131 எத்தனை தடவை பார்த்தார் என்று கேட்டேன். சைபர் என்றாள். பூ வைக்கப் போகிறவர் பெண்ணின் பக்கத்தை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. ஆனால் இருபத்தாறு வயசுப் பெண்கள் ஒன்பது பேரின் பக்கங்களைத் திறந்திருக்கிறார். அதிலும் பல் மருத்துவர் ஒருத்தியை ஏழு தடவை. மனுஷனுக்குப் பல்வலி போல.

ஜனவரி இறுதியில் பூ. நடுவில் எவனோ பால் கம்பெனிக்காரன் மூன்று வேளை எட்டிப் பார்க்கிறான். அந்த ஐந்து மாதத்துப் பழைய புருஷனாக இருந்தால் கலாட்டா ஆகிவிடும். கண்டுபிடித்தாக வேண்டும்.

அதிர்ஷ்டம், அந்தக் கம்பெனியில் எனக்கு ஆள் இருக்கிறது. சாயங்காலம் ஜெகனிடம் முழுவதும் சொல்லி, "யாருன்னு நைசா விசாரிடா" என்றேன்.

தோசையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். "மெயில் வழியா வந்தாக்கூடத் தெரியுமாம்மா?" என்று கேட்டான்.

"எல்லாம் தெரியும். பெனிட்டா கிட்ட ஒளிக்க முடியாது."

"நாப்பது பேர் வேலை பாக்குறாங்கம்மா. யாருன்னு கேக்குறது."

"முழியப் பாத்தாலே தெரிஞ்சிரும்டா. திருட்டு முழி முழிப்பான்."

இரண்டாவது தோசை வேண்டாம் என்றுவிட்டான்.

ஜனவரி 4, சனி

ஒற்றரின் அறிக்கை: யாரையும் பார்த்தால் அப்படித் தெரியவில்லையாம். எல்லாரும் நல்லவர்களாம். இவனை வேவு பார்க்க அனுப்பியதற்கு ஆஷ்பர்ன் மெஷினை அனுப்பியிருக்கலாம்.

ஜனவரி 6, திங்கள்

ரிப்போர்ட்டில் பால் கம்பெனி ஆள் இந்த வாரமும் முப்பத்தெட்டு தடவை. ஆனால் பத்து மணி, ஒரு மணி என்று இல்லாமல் கண்ட நேரத்தில் வந்திருக்கிறான். நாம் தேடுவது தெரிந்துவிட்டது என்றாள் பெனிட்டா. ஞாயிற்றுக்கிழமையும் வந்திருக்கிறான், போனிலிருந்து, பதினொரு மணிவாக்கில். அந்த நேரத்தில் நான் மட்டன் கடை வரிசையில் நின்றேன். அப்போதே தெரிந்திருந்தால் ஜெகனையாவது கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். வீட்டில் சும்மா போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா. அந்தக் கம்பெனியில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

"எம் பையன் இருக்கான்ல. அவனத்தான் உளவு பாக்கச் சொல்லிருக்கேன்."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். "பெனிட்டா, பெனிட்டா" என்றேன்.

"இருக்கேன்க்கா" என்றாள். "நல்ல ஆளத்தான் போட்டிருக்கீங்க."

ஜனவரி 7, செவ்வாய்

பொறி வைத்துவிட்டேன். 114-ஆம் பக்கத்தில் போட்டோவுக்குக் குறுக்கே 'பேசி முடிந்தது' என்று சிவப்புப் பட்டை போடச் சொன்னேன். அதைப் பார்த்து வயிறெரிந்து எவன் ஆபீசுக்கு வருகிறானோ அவன்தான் ஆள். பெனிட்டா, "வேணாம்க்கா, யாராவது மனசு கஷ்டப்படப் போறாங்க" என்றாள். இவள் என்ன எனக்குத் தொழில் சொல்லித் தருவது.

இன்றைய மாற்றம்: 114, சிவப்புப் பட்டை, காலை பதினொன்றேகால்.

ஜனவரி 8, புதன்

ஆபீசுக்கு ஒருவரும் வரவில்லை. ஜெகன் நேற்று மதியமே லீவு போட்டு வந்துவிட்டான். வயிறு சரியில்லையாம். கம்பெனியில் பச்சைப் பாலைச் சுவைத்துச் சுவைத்து இப்படி ஆகியிருக்கும். ரசம் வைத்துக் கொடுத்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

ஜனவரி 9, வியாழன்

இன்றும் ரசம்.

ஜனவரி 13, திங்கள்

போகி. பழைய ஜாதகக் கட்டுகளை எரிக்கலாம் என்று எடுத்து, மனசு வராமல் திரும்பக் கட்டி வைத்தேன்.

ரிப்போர்ட்: ஏழாம் தேதி பகல் பதினொன்று நாற்பதுக்குப் பால் கம்பெனி ஆள் 114-ஐத் திறந்திருக்கிறான். நாற்பத்தொரு நிமிடம் மூடவே இல்லை. அதற்கப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை.

"அவ்வளவு நேரம் ஒரு பக்கத்துல என்னத்தா இருக்கு பாக்க?"

"ஒண்ணும் இல்லக்கா. ஒரு போட்டோ, எட்டு வரி."

பொறியில் ஆள் விழவில்லை. ஆனால் ஓடிவிட்டான். எனக்கு நல்லதுதான். பூ வைக்கிற வரை தொல்லை இல்லை.

நல்லதுதான் என்று ஒரு தடவை எழுதினால் போதும். ஏனோ மறுபடி எழுதத் தோன்றுகிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை கிழக்குப் பக்கம் பொங்கியது. ஜெகன் ஒரு கரண்டி சாப்பிட்டான். முந்திரியை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டான். சின்னப் பிள்ளையிலிருந்து முந்திரிக்காக என்னோடு சண்டை போடுகிறவன்.

ஜனவரி 18, சனி

தை பிறந்துவிட்டது, ஆபீஸ் நிரம்பி வழிகிறது. நடுவில் பழனியிலிருந்து ஓர் அம்மா போன்.

"உங்க பையன் பக்கத்துல மறுமணம் சம்மதம்னு போட்டிருக்கே. எம் பொண்ணு ரெண்டு வருஷம் முன்ன விவாகரத்து ஆனவ. பாக்கலாங்களா?"

"அப்படியெல்லாம் போடலையேம்மா."

"போட்டிருக்குதுங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் பேசுறேன்."

திறந்து பார்த்தேன். ஏழாம் எண். 'மறுமணம்: சம்மதம்'. மூன்று வருடம் முன்னால் என் கையால் அடித்த டிக் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தது.

அந்த அம்மாவிடம் மெஷின் தப்பு என்று சொல்லி வைத்துவிட்டு, பெனிட்டாவைக் கூப்பிட்டேன்.

"அந்த அமெரிக்கா மெஷின் எம் பையன் பக்கத்துல கைய வெச்சிருச்சுத்தா."

"மெஷினால டிக் அடிக்க முடியாதுக்கா. பாஸ்வேர்டு போட்டு உள்ள வரணும்."

"அது எனக்கும் அவனுக்கும் மட்டுந்தான் தெரியும்."

"ஆமாக்கா" என்றாள்.

இன்றைய மாற்றம்: ஏழாம் எண், மறுமணம்: வேண்டாம். தவறு திருத்தப்பட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

ஏழாம் எண்: சம்மதம் என்று இருந்தது. திருத்தினேன்.

ஜனவரி 20, திங்கள்

மறுபடி. திருத்தினேன்.

சாப்பிடும்போது, "சட்னியில உப்பு கம்மியாடா?" என்றேன். "சரியாத்தாம்மா இருக்கு" என்றான். "காரம்?" "அதுவும் சரிதான்." எங்கள் வீட்டில் சட்னியைப் பற்றி இவ்வளவு பேசியதே இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

திருத்தம்.

ஜனவரி 22, புதன்

திருத்தம். காலையில் நான், மதியம் ஒரு மணிக்கு அவன். 'அவன்' என்று எழுதிவிட்டேன். பாஸ்வேர்டு மாற்றிவிடவா என்று பெனிட்டா கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 23, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. மிக்சி ரிப்பேர்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று அவன் குளிக்கப் போனபோது கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தான். உடைந்தது என்று மாற்றியது, ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இழுப்பறை பாதி திறந்திருந்தது. பழைய கண்ணாடிகளில் இரண்டு உள்ளே இருந்தன. எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் காது வைக்கிற காம்பை யாரோ கையால் திருகி ஒடித்த மாதிரி இருந்தது. இன்னொன்று உடையவே இல்லை.

இழுப்பறையை முன்பு இருந்த மாதிரியே பாதி திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

முப்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் ரிப்போர்ட் பார்த்துக் கண்டுபிடிக்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

அரிசி ஆலைக்குப் போன் போட்டேன்.

"பொண்ணு போட்டோவப் பாத்தீங்களாங்க?"

"அதெல்லாம் நீங்க பாத்தாப் போதும்க்கா" என்றார் தர்மலிங்கம். "ஆளு கொஞ்சம் தெம்பா இருக்கும்ல. எங்கம்மாவத் தூக்கி உக்கார வைக்கணும், நர்சுக எவளும் ஒரு மாசம் நிக்க மாட்டேங்குறாளுக. வேலையெல்லாம் விட்டுறச் சொல்லிருங்க."

"பேரு தெரியுமாங்க பொண்ணுக்கு?"

"என்னமோ ராணின்னு வரும்ல."

சிரித்துவிட்டு வைத்தேன். இந்த மாதிரி ஆட்களை வைத்து இருபத்திரண்டு வருடம் சிரித்திருக்கிறேன். டீக்கடையில் சொன்னால் இன்றைக்கும் பத்துப் பேர் சிரிப்பார்கள். ஆனால் இந்த வரனைப் பிடித்துக் கொடுத்தது நான். அதைச் சொன்னால் யார் சிரிப்பார்கள் என்று தெரியவில்லை.

ஏழாம் எண்ணை இன்று திருத்தவில்லை. மறந்துவிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

மறக்கவில்லை. நேற்று பொய் எழுதினேன். இன்று திருத்தினேன். 'வேண்டாம்' என்று டிக் அடித்துவிட்டு, சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

ஜனவரி 29, புதன்

பஸ் ஸ்டாண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது என்றேன். அது ஒன்றும் முழுப் பொய் இல்லை.

உமாராணி நாற்காலியில் உட்காரவைத்தாள். நேரில் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. போட்டோவில் இருப்பதைவிட இளைத்திருக்கிறாள், சிரித்தால் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் குழி. என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, கண்ணாடிச் சில்லு ஒவ்வொன்றாகப் போட்டு, "எது தெளிவா இருக்கும்மா, இதுவா, அதுவா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

"இங்க ஜெகதீசன்னு ஒருத்தன் வருவானாத்தா?"

"வருவாரு. கீழ் வரி தெரியலைம்பாரு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூணு தடவையும் அதே பவர்தான்."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"கஸ்டமர் தெரியலைன்னா தெரியலைன்னுதானம்மா எழுதணும்." அந்த ஒரு பக்கத்துக் குழி வந்து போனது.

"வேற ஏதாவது பேசுவானா?"

"பால் கெட்டுப்போகாம எப்படி வைக்கிறதுன்னு ஒருநாள் அரை மணி நேரம் சொன்னாரு."

என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

சில்லை மாற்றினாள். அப்புறம் கையை எடுக்காமலே சொன்னாள். "ஏழாம் நம்பர் உங்க பையன்தான. நானும் போய்ப் பாப்பேன். முன்னாடியெல்லாம் வேண்டாம்னே இருக்கும், ஒண்ணும் தோணாது. இப்பக் காலையில பாத்தா வேண்டாம்னு இருக்கு, மதியம் பாத்தா சம்மதம்னு இருக்கு. பத்து நாளா இப்படி. எதும்மா நெசம்?"

இரும்புச் சட்டம் மூக்கில் இருந்தது. எழுந்து ஓடவும் முடியாது. யாரையாவது கேலி செய்து தப்பித்துவிடலாம் என்று பார்த்தால், அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளைக் கேலி செய்ய ஒன்றும் இல்லை.

"மதியம் அவன்" என்றேன். "காலையில நான்."

"தெரியும்" என்றாள். "எங்கம்மா டீ குடிக்காம வந்த கதைய மூணு வருஷமாச் சொல்லுது."

"அந்த ஆலைக்காரருக்கு நீ சம்மதம் சொன்னியாத்தா?"

"எங்கிட்ட யாரும் கேக்கல. உங்க இஷ்டம்னு அம்மாகிட்டச் சொன்னேன். அவுக இஷ்டம்னா அவுகளே கட்டிக்கட்டும்னு அர்த்தம். அம்மாவுக்குப் புரியல."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பூவ நான் நிறுத்துறேன்" என்றேன். "அப்பறம் எம் பையனுக்கு..."

"மொதல்ல பூவ நிறுத்துங்க. உங்க பையனப் பத்தி உங்க கிட்டப் பேச எனக்கு ஒண்ணுமில்ல. அவர் வாயில்லாதவரா. வந்து கேக்கட்டும், நான் யோசிச்சுச் சொல்றேன். சொல்லாமலும் போவேன்." பிறகு சில்லைக் கழற்றிக்கொண்டு, "கீழ் வரி படிங்க" என்றாள்.

படித்தேன். எல்லா எழுத்தும் தெரிந்தது.

ஜனவரி 30, வியாழன்

காலையில் அரிசி ஆலைக்கு நேரிலேயே போனேன். இந்த இடம் சரிவராது என்றேன். காரணம் கேட்டார். "பொண்ணுக்கு உங்க பக்கம் பிடிக்கலைங்க" என்றேன்.

"விவாகரத்தான பொண்ணுக்கு அவ்வளவு திமிரா?"

"ஆமாங்க, நல்லாவே இருக்கு. நர்சு வேணும்னா நர்சுக ஆபீஸ் நம்பர் தர்றேன். அங்க இருபத்தாறு வயசுல பல் டாக்டர் கெடைக்காது."

முகம் வெளுத்துவிட்டது. ஏழு தடவை பார்த்தது எனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே இருப்பார், சாகிற வரை. ஊரெல்லாம் என்னைப் பற்றி நாலு பேச்சுப் பேசுவார். பேசட்டும்.

அங்கிருந்து ராமுத்தாயி வீடு. சொன்னதும் கத்துவாள் என்று நினைத்தேன். டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

சாயங்காலம் ஜெகன் வந்ததும் சட்னியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "டேய், அந்தப் பால் கம்பெனி ஆளக் கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன்.

திருட்டு முழி முழித்தான். நான் சொன்ன மாதிரியேதான்.

"நீயே கண்ணாடிக் கடைக்குப் போ. கண்ணாடிய ஒடைக்காமப் போ. பாலப் பத்திப் பேசாத."

"வேற என்னம்மா பேசுறது?"

"அது எனக்குத் தெரியாது. நானூறு கல்யாணம் முடிச்சிருக்கேன், ஒண்ணுல கூடப் பொண்ணு மாப்பிள்ளை என்ன பேசுனாங்கன்னு கேட்டதில்ல."

இன்றைய மாற்றங்கள்: 114, சிவப்புப் பட்டை எடுக்கப்பட்டது. ஏழாம் எண், மறுமணம்: சம்மதம். மாற்றியது நான்.

பிப்ரவரி 3, திங்கள்

பெனிட்டா கவலையோடு கூப்பிட்டாள். ஜனவரி ஏழாம் தேதியிலிருந்து சைட்டில் கூட்டம் குறைந்துவிட்டதாம். "உங்க சைட்டுக்கு அதிகமா வந்த ஆளு அந்தப் பால் கம்பெனிதான்க்கா. பட்டைய எடுத்தும் ஆளு வரல. நேத்து ஒரு தடவகூட இல்ல."

"ஆளு நேத்துக் கண்ணாடிக் கடையிலத்தா" என்றேன். "ஞாயித்துக்கெழம கடை லீவு. வாசல்ல நின்னு உமாராணியோட ரெண்டு மணி நேரம் பேசிட்டு வந்திருக்கான். என்ன பேசுனான்னு சொல்ல மாட்டேங்குறான்."

பெனிட்டா சிரித்தாள். அப்புறம், "ஏழாம் நம்பர் பக்கத்த மறுபடி ரிப்போர்ட்டுல சேக்கவாக்கா? யாரு பாக்குறா, எத்தன தடவை பாக்குறான்னு இனிமே வாராவாரம் வரும்" என்றாள்.

எனக்கு ஆசைதான். யார் யாரை எத்தனை தடவை பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்வதைவிட உலகத்தில் எனக்கு வேறு என்ன ஆசை.

"வேணாம்த்தா" என்றேன். "அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும்."